நாமகிரிக்குப் போட்ட தோட்டம்

காய்கறித் தோட்டம் போடுகிறவர்கள் முதல் வருஷம் காயை எதிர்பார்க்கக் கூடாது. முதல் வருஷம் மண்ணுக்குப் போய்விடும். எங்கள் மலையில் மண் கறுப்பாக, வளமாகத்தான் தெரியும். ஆனால் சரிவில் கிடக்கிற மண் ஒரு மழைக்குக்கூட நிற்காது. கல்லை அடுக்கி, அதற்குப் பின்னால் சருகும் சாணமும் கொட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க மக்கவிட்டால்தான் கத்திரிக்கு வேர் பிடிக்கும்.

நீங்கள் என்னிடம் கேட்டது இதைப் பற்றி இல்லை என்று தெரியும், ஐயா. ஆனால் தோட்டத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வரவில்லை. உங்கள் எழுத்தர் நிதானமாகவே எழுதட்டும்.

என் பெயர் சாமியப்பன். காரவள்ளிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பதினான்கு வருஷமாக மலைமேல் தேவனூர் நாட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு மேஸ்திரியாக இருக்கிறேன். தோட்டத்துக்காரர் வருஷத்துக்கு ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போவார். எனக்கென்று புல் வேய்ந்த வீடு ஒன்று கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரே ஒரு வீடு. அதில் அத்தாயி இருந்தாள். மலைக்காரி, நாற்பது வயதுக்காரி, புருஷனை இழந்தவள். நாலு மாடு வைத்துக்கொண்டு சாமையும் கேழ்வரகும் விதைத்துப் பிழைத்தாள்.

ஈசுவர வருஷம் தையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் நாமகிரி, மலையடிவாரத்து அர்த்தனாரிக் கவுண்டரின் மகள். அவளுக்கு அப்போது பத்தொன்பது, எனக்கு முப்பத்திரண்டு. காரவள்ளியிலிருந்து மலை ஏறி வர அவளுக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. வழியில் எட்டு இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு இடத்திலும் முடியவில்லை என்று சொல்லவில்லை. உட்கார்ந்த ஒவ்வொரு இடத்திலும் திரும்பிக் கீழே பார்த்தாள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு பாறை உண்டு. பனி இல்லாத நாளில் அங்கே நின்றால் கீழே அவள் ஊர் ஏரி பளிச்சென்று தெரியும். வீட்டு வேலை முடிந்ததும் அவள் அங்கே போய் நிற்பாள். பனி மூடிய நாளிலும் போய் நிற்பாள். என்ன தெரிகிறது என்று கேட்டால், “ஒண்ணும் தெரியலீங்க, சும்மா நிக்கறனுங்க” என்பாள்.

அவளுக்கு மலைச் சாப்பாடு இறங்கவில்லை. சாமைச் சோறும் காட்டுக் கீரையும் இரண்டு வாய்க்கு மேல் போகாது. தோள் எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, “ஏனுங்க, இங்க கத்திரிக்காயெல்லாம் காய்க்காதுங்களா?” என்று கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை. ஊர்ப் பேச்சைப் பேசுகிற மாதிரிதான் கேட்டாள். மறுநாள் விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டியோடு இறங்கினேன்.

ஆறு மாதம் ஆயிற்று அந்தக் கல்கட்டு முடிய. காப்பித் தோட்டத்து வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கிற மட்டும் கல் சுமப்பேன். அத்தாயி தன் கொட்டிலிலிருந்து சாணம் அள்ளிக்கொள்ளச் சொன்னாள். “காட்டுல இல்லாத கீரையைங்களா மேஸ்திரி நீங்க வெளைய வைக்கப் போறீங்க?” என்று சிரிப்பாள். நாமகிரி அடுப்புச் சாம்பலைச் சேர்த்து வைப்பாள், அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டமாட்டாள். வெளியிலிருந்து எந்த மருந்தும் உர உப்பும் நாங்கள் மண்ணில் போட்டதில்லை. சாணம், சருகு, சாம்பல், அவ்வளவுதான். அசுவினிப் பூச்சி விழுந்தால் விடியற்காலைப் பனி ஈரத்தோடு இலைமேல் சாம்பலைத் தூவுவாள். அது நன்றாகக் கேட்கும்.

இதற்கிடையில் ஆடி வந்தது. புதுப்பெண் ஆடிக்குத் தாய்வீடு போவது வழக்கம். மாமனார் வந்து அழைத்துப் போனார். கிளம்பும்போது, “போயிட்டு வாரனுங்க” என்றாள். ஒரு மாதம் என்று போனவள் நாற்பது நாள் கழித்து வந்தாள்.

அந்த நாற்பது நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பதினொரு வருஷம் தனியாக இருந்தவன் நான். தனிமை எனக்குப் புதிது இல்லை. ஆனால் அந்த நாற்பது நாளில் என்னால் அடுப்பு மூட்ட முடியவில்லை. அவள் வந்தபோது கன்னம் நிறைந்திருந்தது, கையில் கண்ணாடி வளையல், மலை ஏறி வந்த களைப்பிலும் ஏதோ நினைத்துச் சிரித்தாள். நான் மெலிந்திருந்தேன். நான் இல்லாத இடத்தில் அவள் நன்றாக இருக்கிறாள் என்பதை அந்தக் கன்னத்தில் பார்த்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவள் தாயார் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து கொடுத்த விதைகளைக் கொண்டுவந்திருந்தாள். கத்திரி, அவரை, பீர்க்கு, சுரை. மழைக்காலம் கழிந்து விதைத்தோம். எல்லாம் முளைத்தன. முதல் கத்திரிக்காயைப் பறித்தவள் இரண்டு நாள் அதைச் சமைக்கவில்லை. அத்தாயி வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினாள். காப்பித் தோட்டத்துப் பெண்களிடம் காட்டினாள். மூன்றாம் நாள் வதக்கி, முழுவதையும் என் இலையில் வைத்தாள். பாதியைத் திருப்பி வைத்தேன். “உங்களுக்குத்தானுங்க, நீங்க எத்தனை கல்லுச் சொமந்தீங்க” என்றாள். நாங்கள் அந்தப் பாதியை இருவருமாகத் தள்ளிக்கொண்டே இருந்தோம். கடைசியில் யார் சாப்பிட்டோம் என்பது எனக்கு நினைவில்லை. அது நினைவில்லாமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒருத்திக்கு வேண்டியதெல்லாம் வீட்டுக்குப் பின்னாலேயே விளைந்துவிட்டால் அவள் எதற்காகக் கீழே இறங்கிப் போக வேண்டும்? இது அப்போது எனக்கு நியாயமான கேள்வியாகப் பட்டது. இப்போதும் படுகிறது. ஆனால் தோட்டம் நிறைந்த பிறகும் அவள் பாறைக்குப் போய் நின்றாள்.

மூன்றாம் வருஷம் எருக்குழி ஓரத்தில் ஒரு சுரைக்கொடி தானாக முளைத்தது. நாங்கள் விதைத்தது இல்லை. நல்ல கொடி. மற்றவை வாடின வெயிலிலும் பச்சையாக நின்றது. அத்தாயி ஒரு பிஞ்சை நகத்தால் கீறி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். “இது பேய்ச்சொரைங்க மேஸ்திரி. மாடுகூடத் தின்னாது. வேரோட புடுங்கிப் போட்ருங்க” என்றாள். பிடுங்குகிறேன் என்றேன். அந்த வாரம் காப்பித் தோட்டத்தில் வேலை அதிகம். பிடுங்கவில்லை.

அது நாமகிரிக்குத் தெரியாது. பங்குனியில் அவள் ஊர் மாரியாயி நோம்பி. திருவிழாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தக் கொடியில் ஒரு காயைப் பறித்துச் சமைத்துவிட்டாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். கசந்திருக்கிறது, ஆனால் தன் தோட்டத்துக் காயை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாலு வாய் சாப்பிட்டிருக்கிறாள். நான் வந்தபோது வாசலில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் வாந்தியும் பேதியும். பயணம் நின்றது.

அந்த முதல் தடவையில் என் பங்கு எதுவும் இல்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு நாளும் நான் வேலைக்குப் போகவில்லை. கஞ்சி வைத்து ஊட்டினேன். துணி அலசினேன். தலையைச் சிக்கெடுத்துச் சீவிப் பின்னிவிட்டேன், எனக்குப் பின்னத் தெரியாது, அவள் படுத்துக்கொண்டே சொல்லச் சொல்லப் பின்னினேன். தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் உட்காரவைத்தால் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். “உங்களை ரொம்பச் சிரமப்படுத்தறனுங்க” என்பாள். அந்த இரண்டு நாளும் அவள் பாறைக்குப் போகவில்லை. ஊரைப் பற்றிப் பேசவில்லை. கண் விழிக்கிறபோதெல்லாம் நான் இருக்கிறேனா என்றுதான் பார்த்தாள். என் ஆயுளில் நான் நன்றாக இருந்த நாட்கள் அவைதான். அது நோயால் வந்தது என்பதற்காக அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

பிறகு அந்தக் கொடியை நான் பிடுங்கவில்லை. நாமகிரியிடம் அந்தக் காய் ஆகாது என்று சொல்லிவிட்டேன், அவள் அதன் பக்கம் போகவில்லை. காய்கள் முற்றிக் காய்ந்ததும் பறித்துப் பரணில் வைத்தேன். அத்தாயி கேட்டபோது, குடுக்கை செய்யலாம் என்று வைத்திருக்கிறேன் என்றேன்.

அந்த வருஷம் ஆடிக்கு அவளை அழைத்துப் போக ஆள் வருவதாகச் செய்தி வந்தது. அவளுக்கு லேசாகத் தலைவலி. மலையில் காய்ச்சல் சாதாரணம் என்பதால் எல்லார் வீட்டிலும் நிலவேம்புக் கஷாயம் போடுவார்கள். நிலவேம்பின் கசப்பில் இன்னொரு கசப்பு தெரியாது. நான் காய்ச்சிக் கொடுத்தேன். இரண்டு நாள் படுத்திருந்தாள். வந்த ஆள் திரும்பிப் போய்விட்டான். அடுத்த தையில் அவள் தம்பிக்குக் கல்யாணம். அப்போதும் கொடுத்தேன். கல்யாணத்துக்கு நான் மட்டும் போய், அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அன்றைக்கே மலை ஏறினேன். அவள் தாயார் முறுக்கும் ஒரு சேலையும் கொடுத்தனுப்பினாள். சேலையை நாமகிரி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிப் பார்த்தாள். அழவில்லை. “அம்மா எளைச்சிருக்குதுங்களா?” என்று மட்டும் கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றேன்.

எவ்வளவு கொடுத்தால் இரண்டு நாள் என்பது எனக்குக் கை பழகியிருந்தது. அவளுக்குக் கெடுதல் வரக்கூடாது என்பதில் நான் கவனமாகவே இருந்தேன்.

அதன் பிறகு அவள் உண்டானாள். பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் நல்லபடியாகப் போயின. அவளுக்குப் பீர்க்கங்காய்மேல் ஆசை வந்தது. நான் பந்தலைப் பெரிதாக்கினேன். வயிற்றில் குழந்தை அசையும்போது என் கையை எடுத்து அங்கே வைப்பாள். பாறைக்குப் போவதுகூடக் குறைந்திருந்தது. இனி எதற்கும் தேவை இருக்காது என்று நான் நம்பினேன்.

ஏழாம் மாதம் முடிந்ததும் மாமனார் மலை ஏறி வந்தார். காலையில் கிளம்பி, வெயில் சாயும் முன்பே வந்து சேர்ந்துவிட்டார். வயதானவர், வேட்டியெல்லாம் முள் கிழித்திருந்தது.

“ஏழு மாசம் ஆயிருச்சுங்க மாப்பிள்ளை. கட்டுச்சோத்து விருந்துக்கு அவங்கம்மா எல்லாம் எடுத்து வச்சுட்டா. பொம்பளைங்க மலை ஏற முடியாதுங்க, அதனால அங்கயே வச்சுக்கலாம். நாளைக்கு வெளிச்சம் வந்ததும் மெதுவாக் கூட்டிட்டு எறங்கறனுங்க. பிரசவம் முடிஞ்சு மூணு மாசத்துல தாயும் பிள்ளையுமாக் கொண்டாந்து உட்டுடறனுங்க.”

சரிங்க மாமா என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். நாமகிரி மூன்று நாளுக்கு முன்பே துணிமணியை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதை ஏன் எனக்குத் தெரியாமல் வைத்தாள் என்று யோசித்தேன். பிரசவத்துக்கு இரண்டு மாதம், அதற்குப் பிறகு மூன்று மாதம். ஐந்து மாதம் என்று கணக்குப் போட்டேன். நாற்பது நாளைத் தாங்காதவன் நான்.

மாமனார் கொல்லையில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நான் கஷாயம் வைத்தேன். மலை இறங்கும்போது பனிக்காற்றுப் படும், குடித்துக்கொள் என்று அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. “இன்னைக்கு வேண்டாங்க” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, “ஊருக்குப் போறப்பெல்லாம் இதைக் குடிச்சுட்டுத்தானுங்க நான் படுத்துக்கறேன்” என்றாள். வாய்தான் சிரித்தது. கண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கோபப்படவில்லை. கிண்ணத்தை எடுத்து அவள் எதிரிலேயே ஒரு வாய் குடித்தேன். அவள் முகம் அப்படியே மாறிவிட்டது. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். “நான் ஒரு கிறுக்கிங்க. என்னமோ நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க” என்று சொல்லிக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, நிறுத்தாமல் முழுவதும் குடித்தாள். குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவியும் வைத்தாள்.

நான் வாயில் இருந்ததை விழுங்கவில்லை. தோட்டத்துப் பக்கம் போய் அவரைப் பந்தலடியில் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தேன். நிமிர்ந்தால் அத்தாயி நின்றுகொண்டிருந்தாள். விருந்தாளி வந்திருக்கிறார் என்று பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள்.

“என்னங்க மேஸ்திரி துப்புறீங்க?”

“வெத்தலை” என்றேன்.

நான் வெற்றிலை போடுகிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சுளையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெயில் இறங்கும்போது வாந்தி ஆரம்பித்தது. வழக்கம்போல என்றுதான் நினைத்தேன். நான் அளவைக் குறைத்துத்தான் போட்டிருந்தேன். ஆனால் அந்தக் காய் ஒன்று போல இன்னொன்று இருப்பதில்லை போலிருக்கிறது. காலையில் பேதியில் ரத்தம் வந்தது. கை வைத்துப் பார்த்துவிட்டு, “கொழந்தை அசையலீங்க” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பதுபோலச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வலி கண்டுவிட்டது. அத்தாயிதான் உள்ளே இருந்து பார்த்தாள். ஆண் குழந்தை. அது அழவே இல்லை.

மாமனார் அவளைத் தூக்கிப்போக டோலி கட்ட வேண்டும் என்றார். காப்பித் தோட்டத்து ஆட்கள் நாலு பேர் மூங்கிலும் போர்வையுமாக வந்து வாசலில் நின்றார்கள். கீழே ஆஸ்பத்திரி இருக்கிறது, இப்போது இறங்கினால் இருட்டுமுன் போய்விடலாம் என்றார்கள். நான் கூடாது என்றேன். இந்த நிலைமையில் அந்தப் பாதையில் குலுக்கிக்கொண்டு போனால் வழியிலேயே உயிர் போய்விடும், இங்கேயே வைத்துப் பார்க்கலாம், இதற்கு முன்னால் மூன்று தடவை நான்தான் பார்த்துத் தேற்றினேன் என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன். கேட்டவர்களுக்கு நியாயமாகவே பட்டது. மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சொன்னா சரிங்க மாப்பிள்ளை. உங்களைவிட அவளை யார் பார்த்துக்குவாங்க” என்றார். ஆட்கள் மூங்கிலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

நான் கஞ்சித் தண்ணீர் ஊட்டினேன். அது தங்கவில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு தடவை கண் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தாண்டி அவள் அப்பாவைப் பார்த்தாள். “அப்பா, நாளைக்குப் போலாங்களா?” என்று கேட்டாள். அவர், “போலாஞ் சாமி, போலாங் கண்ணு” என்றார். உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்பு மூச்சு நின்றது. அன்றைக்குப் பனி சுத்தமாக இல்லை. யாராவது பாறையில் நின்றிருந்தால் ஏரி தெரிந்திருக்கும்.

அழுகை எல்லாம் ஓய்ந்த பிறகு அத்தாயி என் பரணில் ஏறினாள். கேட்டுக்கொண்டு ஏறவில்லை. காய்ந்த சுரைக்காய்களை எடுத்து வந்து மாமனார் முன்னால் வைத்தாள். ஒன்றில் பாதி சுரண்டி எடுத்திருந்தது. அவள் பார்த்ததையும் கேட்டதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். நான் மறுக்கவில்லை. டோலி கட்ட வந்த ஆட்கள் எழுந்து நின்றார்கள். மாமனார் கையைக் காட்டி அவர்களை உட்காரச் சொன்னார்.

அவர் என்னை அடிக்கவில்லை. என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். கேட்டபோதும் மரியாதையை விடவில்லை.

“எத்தனை தடவைங்க மாப்பிள்ளை?”

“நேத்தோட மூணு” என்றேன். “மொதல் தடவை நான் இல்லீங்க மாமா.”

அவர் தலையை ஆட்டினார், ஏதோ விளங்கிவிட்ட மாதிரி. நாமகிரியையும் குழந்தையையும் அதே மூங்கிலில் டோலி கட்டிக் கீழே கொண்டுபோனார். மண்ணில் வைப்பதென்றாலும் தன் ஊர் மண்ணில்தான் வைப்பேன் என்று ஆட்களிடம் சொன்னார். நான் கூட நடக்கக் கேட்டேன். ஆட்கள் விடவில்லை. செம்மேட்டுக்கு ஆள் அனுப்பி, மணியக்காரர் வரும்வரை என்னைக் காப்பித் தோட்டத்துக் கிடங்கில் உட்காரவைத்தார்கள். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. நான் ஓடமாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கொல்லும் எண்ணத்தோடு கொடுத்தாயா என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். இல்லை ஐயா. ஆனால் கொன்றது நான்தான். கஷாயத்தில் கலந்தது நான், குடித்துக் காட்டி ஏமாற்றியது நான், டோலி வாசலில் நின்றபோது இறக்கவிடாமல் தடுத்ததும் நான். இதில் யாருக்கும் பங்கு இல்லை. அத்தாயி சொன்னது அத்தனையும் உண்மை. என் குழந்தையையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கைநாட்டு வேண்டாம், எனக்கு எழுதத் தெரியும்.

கீழே அவளுக்குத் தாயார் இருக்கிறார்கள், தம்பி இருக்கிறான், புதிதாக வந்த தம்பி பெண்டாட்டி இருக்கிறாள், ஆஸ்பத்திரியும் இருக்கிறது என்று சொல்கிறீர்கள். இருக்கலாம் ஐயா. ஆனால் நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள். அங்கே போன இடத்தில் அவளுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால், நான் இல்லாமல் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்.